எண்பத்து மூன்றாம் பக்கம்

என் வீட்டுக்காரர் தலைக்குள் ஒரு கிளிப் இருக்கிறது. துணி காயப்போடுகிற கிளிப் இல்லை, அரிசி மணி அளவுக்கு ஒரு உலோகத் துண்டு. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் அவர் மூளையில் ஒரு ரத்தக் குழாய் பலூன் மாதிரி ஊதிக்கொண்டது. மண்டையைத் திறந்து அதன் கழுத்தில் அந்தக் கிளிப்பை மாட்டி மூடினார்கள். அது என்ன உலோகம் என்று எழுதிய பக்கம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அந்த ஒரு பக்கத்தை நான் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு கட்டடத்தில் பதினொரு பேர் காலை பத்து மணிக்கு வந்து மாலை ஐந்து மணிவரை உழைக்கிறார்கள்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் ஏதோ வம்புக்கு அலைகிறவள் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர் என் வீட்டுக்காரர். எதிரே வருகிற வண்டியின் நம்பரை அரை மைல் தூரத்தில் படிப்பார். அந்த மனுஷர் ஒரு நாள் காலையில் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, கதவை விட்டுவிட்டுப் பக்கத்துச் சுவரில் சாவியைச் சொருகிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?" என்றேன்.

"பூட்ட யாரோ மாத்தி வச்சிருக்காங்க" என்றார்.

கண் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு மூளை நரம்பு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். இடது கண்ணுக்குப் பின்னால் ஏதோ கட்டி மாதிரி வளர்ந்து பார்வை நரம்பை அழுத்துகிறது, எம்.ஆர்.ஐ. படம் பார்த்தால்தான் எப்படி எடுப்பது என்று சொல்ல முடியும் என்றார். படம் எடுக்கிற அறையில், உடம்புக்குள் உலோகம் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். இவர் பெருமையாக, "தலைக்குள்ள ஒரு கிளிப் இருக்கு" என்றார். அவ்வளவுதான். அங்கே இருந்தவர் இவர் ஏதோ வெடிகுண்டைக் கட்டிக்கொண்டு வந்ததைப் போல வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்.

"அந்த மெஷின் பெரிய காந்தம்மா" என்று டாக்டரம்மா விளக்கினார். "இரும்புக் கிளிப்பா இருந்தா உள்ளயே திரும்பிடும். ரத்தக் குழாய் கிழிஞ்சிடும். அந்தக் காலத்துல ரெண்டு விதமும் போட்டாங்க."

"எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா?"

"கிளிப் இருக்குன்னு தெரியும். என்ன உலோகம்னு தெரியாது. சி.டி. ஸ்கேன்லயும் கிளிப்போட வெளிச்சத்துல பக்கத்துல ஒண்ணும் தெரியல. ஆபரேஷன் ரிஜிஸ்டர்ல கிளிப்போட பேரும் நம்பரும் எழுதியிருப்பாங்க. அத மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுங்க, மறுநாளே படம் எடுத்துடலாம். ஆனா சீக்கிரம்மா. நரம்பு காத்துக்கிட்டு இருக்காது."

பழைய சீட்டு என்னிடம் இருந்தது. மடிப்பில் கிழிந்து போயிருந்தாலும், 'கிளிப் விவரம்: ரிஜிஸ்டர், பக்கம் 83' என்று எழுதியிருந்தது தெளிவாகத் தெரிந்தது. ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்தப் பழைய ஆஸ்பத்திரி இப்போது ஆஸ்பத்திரி இல்லை. 'மூளை நரம்பு அறுவைச் சிகிச்சை வரலாற்று அருங்காட்சியகம், நூலகம் மற்றும் ஆவணக் காப்பகம்' என்று வாசலில் பித்தளையில் எழுதி வைத்திருக்கிறார்கள். படித்து முடிப்பதற்குள் எனக்குக் கால் வலித்துவிட்டது. உள்ளே நுழைந்ததும் செருப்புக்கு நீல உறை மாட்டச் சொன்னார்கள். பையை வாங்கிக்கொண்டார்கள். பேனாவைப் பிடுங்கிக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள். ஒரு படிவம் நீட்டினார்கள். அதில் 'வருகையாளர் வகை' என்று மூன்று கட்டம்: ஆய்வாளர், மாணவர், சுற்றுலாப் பயணி.

"நோயாளின்னு கட்டம் இல்லையே?" என்று கேட்டேன்.

வரவேற்பில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இது நோய்களோட வரலாறும்மா. நோயாளிங்க இங்க வர மாட்டாங்க."

சரி என்று சுற்றுலாப் பயணியில் டிக் அடித்தேன். சுற்றிக் காட்டினார்கள். மண்டையைத் துளைக்கிற பழைய கருவிகள், டாக்டர்கள் போட்டிருந்த கண்ணாடிகள், ஆஸ்பத்திரியை நிறுவிய டாக்டர் உட்கார்ந்த நாற்காலி, அவர் உட்காராத இன்னொரு நாற்காலி. கடைசியில் நடு மண்டபத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் அந்த ரிஜிஸ்டர்! நீல அட்டை, முனை மழுங்கியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எண்பதாம் பக்கமும் எண்பத்தொன்றாம் பக்கமும் தெரிகிற மாதிரி திறந்து வைத்திருந்தார்கள். ஓரத்தில் வட்டமாக ஒரு பழுப்புக் கறை. கீழே அட்டையில், 'நிறுவனரின் தேநீர்க் கோப்பை வைக்கப்பட்ட இடம். மிக அரிது.'

எனக்கு வேண்டியது அதற்கு அடுத்த ஏடு. ஒரே ஒரு தாள் தள்ளி.

"இத ஒரு திருப்பு திருப்புங்க, பாத்துட்டுப் போயிடறேன்" என்றேன்.

சுற்றிக் காட்டியவர் ஒரு அடி பின்வாங்கினார். நான் என்னமோ அவர் மண்டையைத் திறக்கச் சொன்னதைப் போல.

காப்பாளரிடம் அனுப்பினார்கள். அவர் எந்நேரமும் வெள்ளைக் கையுறை போட்டிருப்பார். தும்மினால்கூட அதோடுதான் மூக்கைத் துடைப்பார், பிறகு வேறு கையுறை மாட்டிக்கொள்வார். நான் மனசுக்குள் அவருக்குக் கையுறை என்றே பெயர் வைத்துக்கொண்டேன். விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ஒன்று சொல்ல வேண்டும், அங்கே எல்லோரும் ரொம்பப் பொறுமைசாலிகள். அவசரம் நமக்குத்தானே.

"அந்த ரிஜிஸ்டர நாங்க பேரேடுன்னு சொல்லுவோம். அதுல உள்ள விவரங்கள் நோயாளியோட அந்தரங்கம்மா. அவர் மறைஞ்சு நூறு வருஷம் கழிச்சுத்தான் திறப்போம்."

"அவர் மறையவே இல்லையே. வீட்ல உக்காந்து ரேடியோ கேட்டுக்கிட்டு இருக்காரு."

கையுறை கணினியைத் தட்டிப் பார்த்தார். "இல்லையே. அட்டவணைல மறைந்தவர்னு இருக்கு."

"யாரு எழுதினது?"

"பேரேடு இங்க வந்தப்போ அதுல இருக்கற எல்லாரையும் மறைந்தவர்களாக் கருதணும்னு முடிவு பண்ணாங்க. ஒவ்வொருத்தரா விசாரிக்க ஆள் ஏது?"

"எல்லாரையும்னா எத்தனை பேரு?"

"எழுநூத்துச் சொச்சம்."

எழுநூறு பேரை ஒரே மத்தியானத்தில் கொன்றுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கோப்பையையும் எங்காவது பெட்டிக்குள் வைத்திருப்பார்கள்.

மறுநாள் வீட்டுக்காரரையே அழைத்துக்கொண்டு போனேன். ஆளைப் பார்த்தால் தீர்ந்துவிடும் என்று என் எண்ணம். கையுறை எழுந்து நின்று வணங்கினார், ஆனால் நம்பவில்லை.

"ஐயா உயிரோட இருக்கறதுக்கு ஆவணம் ஏதாவது?"

"ஆவணமா?" என்றார் இவர். "ஏம்பா, நான் மூச்சு விடறது தெரியலையா? கிட்ட வந்து பாரு, வேணும்னா கிள்ளிப் பாரு."

"அது நேரடிச் சான்று ஐயா. நாங்க எழுத்துச் சான்றுதான் எடுத்துக்குவோம்."

ஓய்வூதிய அட்டை, கண் டாக்டர் சீட்டு, டாக்டரம்மாவின் கடிதம் எல்லாம் கொடுத்தோம். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். போனோம். அட்டவணையைத் திருத்திவிட்டதாகக் கையுறை சந்தோஷமாகச் சொல்லி, திரையைத் திருப்பிக் காட்டினார். 'நோயாளி: உயிருடன் இருப்பதாகக் கூறிக்கொள்கிறார்.'

"இதுவரைக்கும் வேற யாருக்கும் இத நாங்க பண்ணதில்ல" என்றார்.

"ரொம்ப நன்றிப்பா" என்றார் இவர். "இப்போ பக்கத்தத் திருப்பு."

"அதுதான் ஐயா சிக்கல். இப்போ நீங்க உயிரோட இருக்கீங்க. உயிரோட இருக்கற நோயாளியோட விவரத்த வாசகர்கள் பாக்கறதுக்கு முழுத் தடை. உங்களப் பாதுகாக்கத்தான்."

"யார்கிட்டேர்ந்து?"

"வாசகர்கள்கிட்டேர்ந்து."

"நான்தான்யா வாசகன்!"

"அப்போ உங்ககிட்டேர்ந்துதான் உங்களப் பாதுகாக்கறோம்" என்றார் கையுறை. கேலி இல்லை. நிஜமாகவே சொன்னார். முகத்தில் அப்படி ஒரு கனிவு.

வெளியே வந்ததும் இவர் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு வலது கண்ணைக் கையால் மூடினார். இடது கண்ணால் என்னைப் பார்த்தார். முந்தின வாரம் என் புடவை நிறம் சொன்னவர் அன்றைக்கு, "நீ நிக்கறது தெரியுது. சாம்பலா தெரியுது" என்றார். அன்று நான் கட்டியிருந்தது நல்ல மஞ்சள்.

டாக்டரம்மாவும் சும்மா இருக்கவில்லை, பாவம். ஃபோன் செய்தார். கடிதத்தில் எழுதுங்கள் என்றார்கள். எழுதினார். பதில் வந்தது. அவர் ஆய்வாளராக விண்ணப்பிக்க வேண்டும், ஆய்வுத் தலைப்பும், அந்தத் தலைப்பு மருத்துவத்துக்கு அல்லாமல் வரலாற்றுக்கு எவ்வாறு பயன்படும் என்ற விளக்கமும் இணைக்க வேண்டும். டாக்டரம்மா அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டிவிட்டு ஒரு வார்த்தை சொன்னார். படித்த பெண் வாயில் அந்த வார்த்தையை நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு அவரை இன்னும் பிடித்துப் போய்விட்டது.

பிறகுதான் இயக்குநரைப் பார்க்க நேரம் கிடைத்தது. அதற்கும் ஒரு வாரம். அவர் ஒரு காலத்தில் அறுவைச் சிகிச்சை டாக்டராம். நோயாளிகள் தொந்தரவு தாங்காமல் இந்தப் பக்கம் வந்துவிட்டதாக அவரே சொன்னார். எங்களை உட்கார வைத்து, நிறுவனரின் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அம்மா, உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா நீங்க ஒண்ணு யோசிக்கணும். ஐயா இன்னைக்கு இருப்பாரு, நாளைக்கு இல்லாமப் போயிடுவாரு. பேரேடு அப்படி இல்ல. ஒரு தடவ தாளத் திருப்பினா ஓரத்துல எவ்வளவு தேயும் தெரியுமா? எங்ககிட்ட அளந்து வச்ச கணக்கு இருக்கு."

"இவருக்கு எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு அளந்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் காதில் விழவில்லை. திடீரென்று முகம் மலர்ந்து முன்னால் சாய்ந்தார்.

"இதுக்கு ஒரு அருமையான வழி இருக்கு. ஐயா ஒரு உறுதிமொழில கையெழுத்துப் போடட்டும். அவர் காலத்துக்கு அப்புறம் அந்தக் கிளிப்ப எங்களுக்கு நன்கொடையாத் தர்றதா. நாங்க எடுத்து, சோதிச்சு, என்ன உலோகம்னு துல்லியமாச் சொல்லிடறோம். உங்களுக்குக் கடிதம்கூட அனுப்புவோம்."

இவர் தன் தலையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எந்த விலாசத்துக்கு அனுப்புவீங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

இயக்குநர் உடனே ஒரு தாளை எடுத்து, "சொல்லுங்க ஐயா, குறிச்சுக்கறேன்" என்றார்.

நான் அப்போதே எழுந்து ஏதாவது செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஏனென்றால் கிளம்பும்போது கையுறை ஓடி வந்து ஒரு நல்ல செய்தி சொன்னார். வருஷத்துக்கு ஒரு தடவை, நிறுவனர் நாளில், 'ஏடு திருப்பு விழா' நடக்குமாம். ஒரே ஒரு ஏடு திருப்புவார்களாம். அறுபதாம் பக்கத்தில் ஆரம்பித்து இதுவரை வந்திருக்கிறார்களாம். அது இன்னும் இரண்டே வாரத்தில். எண்பத்தொன்றுக்கு அடுத்த ஏடு! அது கண்ணாடிக்குள் விரிந்து கிடக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

"அப்போ அந்தரங்கம்?" என்று கேட்டேன்.

"காட்சிக்கு வச்சா அது அந்தரங்கம் இல்லம்மா, அரும்பொருள்."

இரண்டு வாரம். காத்திருந்தோம். வேறு என்ன செய்ய? தினம் காலையில் இவர் காலண்டர் முன்னால் நின்று வலது கண்ணை மூடிக்கொண்டு தேதியைப் படிப்பார். முதலில் எண் தெரிந்தது. பிறகு காலண்டர் தெரிந்தது. பிறகு சுவர் தெரிந்தது. விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அவர் காலண்டர் பக்கமே போகவில்லை. நானும் கேட்கவில்லை.

விழாவுக்கு மண்டபம் நிறைய நாற்காலி போட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் ஒரு பல் டாக்டர். மூளை டாக்டர்களுக்கெல்லாம் அன்றைக்கு நோயாளிகளைப் பார்க்க வேண்டியிருந்ததாம். இயக்குநர் மைக் முன்னால் வந்து நின்றார்.

"நோயாளிகள் வருவார்கள், போவார்கள். குணமாகியும் போவார்கள், ஆகாமலும் போவார்கள். வரலாறு அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. இந்தப் பேரேடு நம்மிடம் வந்த நாளிலிருந்து இன்றுவரை ஒரே ஒரு நோயாளியின் கைகூட இதன்மேல் பட்டதில்லை என்பதை நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறேன்!"

கைதட்டினார்கள். முன் வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஏடு திருப்புக் குழு வந்தது. ஐந்து பேர், ஐந்து பேருக்கும் கையுறை. ஒருவர் பெட்டியின் பூட்டைத் திறந்தார், ஒருவர் கண்ணாடி மூடியைத் தூக்கினார், ஒருவர் காற்றின் ஈரத்தை அளந்தார், ஒருவர் அதை எழுதிக்கொண்டார். ஐந்தாவது ஆள் எதற்கு என்று கடைசிவரை தெரியவில்லை. பல் டாக்டருக்கும் கையுறை மாட்டினார்கள். அவர் விரல் தடிமன், கையுறை அதைவிடத் தடிமன். ஏட்டின் ஓரத்தை நெருடினார். வரவில்லை. மறுபடியும் நெருடினார். பிடித்தார், திருப்பினார். கைதட்டல் கூரையைத் தூக்கியது.

நான் முன்னால் போய் எட்டிப் பார்த்தேன். இடது பக்கம் எண்பத்து நான்கு. வலது பக்கம் எண்பத்தைந்து.

"ஐயோ, ரெண்டு ஏடு சேந்து திரும்பிடுச்சு!" என்று கத்திவிட்டேன்.

குழு கூடிக் குசுகுசுத்தது. பல் டாக்டர் நைசாகக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். கடைசியில் கையுறை என்னிடம் வந்தார், அதே கனிவோடு.

"உண்மைதாம்மா. ரெண்டு திரும்பிடுச்சு. வருந்தறோம்."

"வருந்த வேணாம். ஒண்ணத் திருப்பிப் போடுங்க."

"பேரேடு முன்னோக்கித்தான் போகும். பின்னால திருப்ப விதியில இடம் இல்ல."

"அப்போ எண்பத்து மூணு?"

"அது கடந்து போயிடுச்சு."

"எங்கய்யா போச்சு? இதோ, இந்தத் தாளுக்கு அடியிலதான கெடக்கு!"

"கடைசி ஏடு வரைக்கும் போனதும் மறுபடி முதல்லேர்ந்து வருவோம்மா. அப்போ கண்டிப்பா இந்தப் பக்கமும் வரும்."

"எத்தனை வருஷம் ஆகும்?"

அவர் விரல் விட்டு எண்ணினார். உண்மையாகவே எண்ணினார். "கிட்டத்தட்ட இருநூறு" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் பெட்டியைப் பார்க்கிறார்கள், இவர் மட்டும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இருக்கிற ஒரு கண்ணால் என்னைத் தேடிக்கொண்டிருந்தார். தப்பான பக்கத்தில் தேடிக்கொண்டிருந்தார்.

மூடியைத் தூக்கிப் பிடித்திருந்தவருக்குக் கை வலித்திருக்க வேண்டும், இறக்கப் போனார். நான் அதற்குக் கீழே என் முழங்கையைக் கொடுத்தேன்.

"அம்மா! கையுறை! கையுறை இல்லாம..." என்று மூடியைப் பிடித்திருந்தவர் அலறினார்.

வலது கை ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்தேன். நன்றாக ஈரம் பண்ணினேன். மண்டபம் மொத்தமும் 'ஹா' என்று மூச்சை உள்ளே இழுத்தது. ஏட்டின் ஓரத்தில் விரலை வைத்து ஒரு தள்ளு தள்ளினேன். என்ன ஆச்சரியம், ஒற்றை ஏடு ஒட்டாமல் உரசாமல் சுலபமாகத் திரும்பி விழுந்தது. எண்பத்து மூன்று. மேலே என் வீட்டுக்காரர் பெயர். அப்பா பெயர். எங்கள் பழைய தெருவின் பெயர்.

படிக்க ஆரம்பித்தேன். கையெழுத்துக் கோழி கிளறியது மாதிரி இருந்தது, எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். "கிளிப் ஒன்று. வளைந்தது..."

இயக்குநர் ஓடி வந்தார். மேடையில் பேசியபோது இருந்த குரல் இல்லை. "அம்மா, என்ன காரியம் பண்றீங்க! இத்தனை பேர் முன்னால சத்தமா படிக்கறீங்களே! ஒரு நோயாளியோட அந்தரங்கம் அது! அந்த மனுஷனோட மரியாதைக்காவது..."

மூன்றாவது வரிசையில் நாற்காலி நகர்ந்தது. இவர் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். பஸ்ஸில் முப்பத்தாறு வருஷம் கடைசி சீட்டுவரை கேட்ட குரல் அது.

"அந்த மனுஷன் நான்தான்யா. நீ படி. எனக்குக் கேக்கல, இன்னும் சத்தமா படி!"

சத்தமாகப் படித்தேன். "கிளிப் ஒன்று. வளைந்தது. கோபால்ட் கலவை. எண் ஏழு, நான்கு, பூஜ்யம்." மைக் பக்கத்திலேயே இருந்ததால் தெருவுக்கே கேட்டிருக்கும். டாக்டரம்மாவுக்கு அங்கிருந்தே ஃபோன் போட்டேன். "இரும்பு இல்லம்மா, இந்தக் கலவைய காந்தம் இழுக்காது, பயமில்ல! நாளைக்குக் காலைல கூட்டிட்டு வாங்க!" என்று அவர் போட்ட சத்தமும் ஒலிபெருக்கியில் கேட்டது.

மறுநாள் படம் எடுத்தார்கள். அடுத்த வாரம் ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது. வலது கண் தப்பித்துவிட்டது. இடது கண்ணுக்குப் போகிற நரம்பு செத்துப் போயிருந்தது.

"ஒரு மாசம் முன்னாடி படம் கெடச்சிருந்தா ரெண்டும் பொழச்சிருக்கும்" என்றார் டாக்டரம்மா. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்க முடியாமல் கையைக் கழுவப் போனார். ஏற்கெனவே கழுவிய கை.

அருங்காட்சியகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் இனிமேல் உள்ளே நுழையக் கூடாதாம். பேரேட்டின் எண்பத்து மூன்றாம் பக்கத்தில் ஏற்பட்ட ஈரச் சேதத்துக்கு நானே பொறுப்பாம். அங்கே வருகிறவர்கள் எல்லோரும் அதைச் சுற்றி வந்து பார்க்கிறார்களாம்.

பார்க்கட்டும். அதோடு இன்னொன்றையும் பார்க்கலாம். என் வீட்டுக்காரரின் இடது கண்ணும் அந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறது. அட்டவணையில் மட்டும் இன்னும் ஏற்றவில்லை.